பூட்டும் திறவுகோலும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்திற் பேசுமாறு காரியதரிசியவர்கள் எம்மைப் பணித்தபொழுது, கல்வியைப் பற்றியோ ஒற்றுமையைப் பற்றியோ யாம் பேசுவோம் என எதிர்பார்த்திருக்கக்கூடும். அவ்விரண்டினையும் பற்றி எம்மினும் வல்லார் பலர் இம்மேடையிற் பன்முறை பேசியுள்ளனர். யாம் எடுத்துக்கொண்ட விஷயமோ மிகச் சிறியது, உள்ளங்கையில் அடங்குவது. இதோ, இம்மேசைமேல் இருக்கும் இப்பித்தளைப் பூட்டினைப் பற்றியே பேசப் புகுகின்றோம். நாள்தோறும் காலையும் மாலையும் இதனைத் திறந்து மூடுகின்றோம். ஆயினும், சாவியைத் திருப்பும்பொழுது உள்ளே நிகழ்வது யாது என ஒருவர் வினவினால், உலையூதி இரும்படித்த குலத்திற் பிறந்த நம்முள்ளும் பெரும்பாலோர் விழிப்போம். 2023-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வரை யாமும் அங்ஙனம் விழித்தவரே. எம் பாட்டனார் பட்டடையில் நின்றவர். யாமோ காகிதம் புரட்டும் உத்தியோகத்தில் காலங்கழித்தோம். விழித்ததன் பயனாக நேர்ந்த நஷ்டம் ஒன்று உண்டு. அதனை முதலிற் சொல்லிவிடுகின்றோம்.

அவ்வாண்டு டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் ஜில்லாவிலும் தூத்துக்குடி ஜில்லாவிலும் பெய்த மழையை இங்கிருப்போர் ஒருவரும் மறந்திரார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. தாமிரபரணி கரைகடந்து ஜங்ஷன் பகுதியிலும் வண்ணார்பேட்டையிலும் வீடுகளுக்குட் புகுந்தது. சிந்துபூந்துறையில் எமது அத்தையார் தனியே வசித்து வந்தார். மாலையில் நீர் வாயிற்படியைத் தொட்டதும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அவரைக் கைத்தாங்கலாகத் தம் மாடிக்கு ஏற்றிவிட்டனர். போகும் அவசரத்திலும் அவர் ஒரு காரியத்தை மறக்கவில்லை. உள்ளறையைப் பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டார். அவ்வறையிலேதான் வீட்டுப் பத்திரங்களும் பழைய கடிதங்களும் வைத்த டிரங்குப் பெட்டி இருந்தது.

நீர் வடிந்த பின் அவர் வீட்டிற்கு இறங்கிச் சென்று சாவியை நுழைத்தார். சாவி பாதி வரை போயிற்று, அப்பால் போகவில்லை. எமக்குத் தொலைபேசியிற் சொன்னார். யாம் என்ன சொன்னோம்? “கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டுப் பாருங்கள், அத்தை” என்றோம். அவ்வாறே அவர் விட்டார். மறுநாள் அவர் மகன் வந்து இன்னும் கொஞ்சம் விட்டு, குறடு கொண்டு சாவியைத் திருகினார். சாவி முறிந்து பாதி உள்ளேயே தங்கிவிட்டது. அந்நாட்களிற் பூட்டு ரிப்பேர் செய்வார் ஒருவரும் கிடைக்கவில்லை. ஊரில் உள்ள பூட்டெல்லாம் ஒரே வேளையில் நின்றுபோனால் எவர்தாம் கிடைப்பர்? ஐந்தாம் நாள் கடப்பாரையாற் கதவைப் பெயர்த்தோம். அதற்குள் பெட்டியினுள் இருந்த காகிதங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பூசணம் பூத்துவிட்டன.

நனைந்த காகிதம் இரண்டு நாட்களுக்குள் காற்றாட விரிக்கப்பெறின் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். அதற்குமேற் பூசணம் பற்றிவிடும். பதிவு செய்யப்பெற்ற பத்திரங்களுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் பெற்றோம். ஆனால் அத்தையாரின் மாமனார் தம் கைப்பட எழுதிவைத்த பாகக் குறிப்பு பதிவு செய்யப்பெறாதது. அதற்கு நகல் எங்குமில்லை. அக்குறிப்பின் பொருட்டு இரு குடும்பங்கள் இன்றும் முகங்கொடுத்துப் பேசுவதில்லை. “சாவியும் என் கையில, பூட்டும் என் வீட்டுப் பூட்டு, என்னை உள்ளே விடலியே ஐயா!” என்று அத்தையார் அன்று சொன்ன சொல் எம் செவியில் இன்றும் நிற்கின்றது. எண்ணெய் விடச் சொன்னது தவறு என்பது பின்னரே தெரிந்தது. அஃது ஏன் தவறு என்பதற்கே இப்பேச்சு.

கதவோடு பெயர்ந்து வந்த அப்பூட்டினை நம் சங்கத்து அங்கத்தினரும் ஜங்ஷன் அருகே நெடுங்காலமாகப் பூட்டு வேலை செய்பவருமாகிய ஒரு பெரியவரிடம் கொண்டு சென்றோம். தம் பெயரைச் சொல்ல வேண்டா என அவர் கேட்டுக்கொண்டமையின் சொல்லாதொழிகின்றோம். அவர் பூட்டின் மேற்புறத்து மெல்லிய மூடுதகட்டை அரத்தால் நீவித் தள்ளி, சாமணத்தால் ஒவ்வொன்றாக உள்ளிருந்த துண்டுகளை எடுத்து எம்முன் ஒரு வெள்ளைத் துணியிற் பரப்பினார். யாம் கற்ற பாடம் அத்துணிமேற் கற்றதே.

முதலில் உறுப்புக்களை அறிவோம். இப்பூட்டின் வெளிப்பகுதி ஒரு கூடு. அது கெட்டிப் பித்தளை; அசையாதது. அக்கூட்டினுள் நீளவாக்கில் ஓர் உருண்டைத் துளை. அத்துளையிற் கச்சிதமாகப் பொருந்திச் சுழலவல்லது உள்ளுருளை. சாவி நுழையும் வாய் இவ்வுருளையின் முகத்திலே அறுக்கப்பட்டுள்ளது. உருளையின் பின்முனையில் ஒரு நாக்கு. உருளை சுழன்றால் நாக்குச் சுழலும். நாக்குச் சுழன்றால் தாழ் உள்வாங்கும். ஆகவே, கதவு திறப்பது என்பது வேறொன்றுமன்று, இவ்வுருளை சுழல்வதே. பூட்டுவது என்பது இவ்வுருளையைச் சுழலவொட்டாமற் செய்வதே.

அதனைச் சுழலவொட்டாமல் தடுப்பவை யாவை? கூட்டின் மேற்பகுதியிலிருந்து உருளையின் உட்பகுதி வரை செங்குத்தாக ஐந்து சிறு துளைகள் வரிசையாக இடப்பட்டுள்ளன. ஒவ்வொரு துளையும் பாதி கூட்டிலும் பாதி உருளையிலும் இருக்கின்றது. ஒவ்வொரு துளையுள்ளும் இரண்டு பித்தளை முளைகள், ஒன்றன்மேல் ஒன்றாக. கடைக்காரர் இவற்றைப் ‘பின்’ என்பர். கனம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர். கீழ்முளையின் அடி சற்றுக் கூராக இருக்கும். அதுவே சாவியின்மேல் அமர்வது. மேல்முளை இருபுறமும் தட்டையானது. மேல்முளையின் தலைமீது ஒரு சிறு சுருள்வில். அவ்வில் மேல்முளையை ஓயாது கீழே அழுத்துகின்றது. மேல்முளைகள் ஐந்தும் பெரும்பாலும் ஒரே நீளம். கீழ்முளைகள் ஐந்தும் வெவ்வேறு நீளம். இவ்வெவ்வேறு நீளத்திலேதான் பூட்டின் இரகசியம் முழுவதும் இருக்கின்றது.

சாவியில்லாத வேளையில் நடப்பது யாது? வில்லின் அழுத்தத்தால் ஒவ்வொரு மேல்முளையும் கீழிறங்கி, பாதி கூட்டிலும் பாதி உருளையிலுமாகக் குறுக்கே நிற்கும். வண்டியின் பாரும் சக்கரமும் ஒருங்கே துளைத்து ஓர் ஆணி அடித்தால் சக்கரம் சுழலுமா? அங்ஙனமே ஐந்து ஆணிகள் இங்கு அறையப்பட்டு நிற்கின்றன. இப்பொழுது அந்நியச் சாவி ஒன்றை நுழைக்கின்றோம் எனக் கொள்வோம். சில முளைகள் போதிய அளவு உயரமாட்டா. மேல்முளை இன்னும் குறுக்கே நிற்கும். சில முளைகள் அளவுக்குமேல் உயர்ந்துவிடும். அப்பொழுது கீழ்முளையே எல்லையைத் தாண்டிக் கூட்டினுட் புகுந்து குறுக்கே நிற்கும். குறைந்தாலும் தடை, மிகுந்தாலும் தடை. இந்த இரண்டாவது தடையை உணர்தல் முக்கியம். ஏனெனின், முளைகளையெல்லாம் உயரத் தூக்கிவிட்டாற் பூட்டுத் திறந்துவிடும் என்று நினைப்பார் பலர்.

உரிய சாவியை நுழைக்கும்பொழுதோ, அதன் விளிம்பில் உள்ள வெட்டுக்கள் ஐந்தும் தத்தம் கீழ்முளையைத் தாங்கி நிற்கும். நீண்ட முளைக்கு ஆழமான வெட்டு. குறுகிய முளைக்கு மேலோட்டமான வெட்டு. அப்பொழுது ஐந்து கீழ்முளைகளின் தலைகளும் உருளையின் மேல்விளிம்போடு ஒரே மட்டத்தில் வந்து நிற்கின்றன; மேல்முளைகள் ஐந்தும் முற்றிலும் கூட்டினுட் சென்றுவிடுகின்றன. உருளைக்கும் கூட்டுக்கும் இடையேயுள்ள அவ்வெல்லையை யாம் பிரிகோடு என்று வழங்குவோம். ஐந்து இடங்களிலும் பிரிகோட்டில் இடைவெளி விழுந்த அக்கணமே உருளைக்குத் தடையில்லை, விரலசைவிற் சுழலும். சுழன்ற பின் மேல்முளைகள் உருளையின் முதுகின்மேல் அமர்ந்திருக்கும். கீழ்முளைகள் உருளையோடு சுற்றும். கீழ்முளை மேலெழ இடமில்லாமையின், சாவியைப் பழைய நிலைக்குத் திருப்பினாலன்றி வெளியே இழுக்க முடியாது. சாவி பாதி திருப்பில் வர மறுப்பதைப் பூட்டின் கோளாறென்று எண்ணி இழுத்து வளைப்பாரும் உளர்.

வீட்டிற்குச் சென்றதும் ஒரு சோதனை செய்து பாருங்கள். சாவியை மிக மெதுவாக நுழைத்து உற்றுக் கேட்டால், முளைகள் வெட்டுக்களில் ஒவ்வொன்றாக இறங்கி ஏறும் சிற்றொலி கேட்கும். சாவியின் வெட்டுக்களை எண்ணினாலும் முளைகளின் தொகை தெரியும். ஐந்து முளைகள், ஒவ்வொன்றுக்கும் பத்து விதமான ஆழம் என வைத்துக்கொண்டால், ஐந்து பத்துக்களை ஒன்றோடொன்று பெருக்க, ஒரு லட்சம் வெவ்வேறு சாவிகள் ஆகும். நடைமுறையில் அவ்வளவு ஆகாது. மிக ஆழ்ந்த வெட்டினை அடுத்து மிக மேலான வெட்டு வந்தால் இடையே சரிவுக்கு இடம் போதாது. ஆதலின் பல கணக்குகள் தள்ளுபடியாகும். மலிவுப் பூட்டின் கதை வேறு. நான்கு முளைகள், ஐந்து ஆழங்கள் எனின் 625 சாவிகளே. ரதவீதியில் ஒரு கடை அவ்வித மலிவுப் பூட்டில் ஆயிரம் விற்குமாயின், ஒருவர் சாவி மற்றொருவர் வீட்டைத் திறப்பதில் வியப்பென்ன? பூட்டின் விலையைக் கேட்பதற்கு முன் அதன் சாவியின் வெட்டுக்களை எண்ணிப் பார்க்க வேண்டுமென்பது அப்பெரியவரின் கட்டளை.

இவ்வமைப்பு நேற்றுத் தோன்றியதன்று. பண்டை எகிப்து தேசத்தில் மரத்தாழில் மரமுளைகளைத் தம் பாரத்தாலேயே விழச் செய்து, நீண்ட மரச்சாவியின் பற்களால் அவற்றைத் தூக்கித் திறக்கும் பூட்டுக்கள் வழங்கின. அங்கே வில் இல்லை. மேல்முளை கீழ்முளை என்ற பிரிவும் இல்லை. ஆயினும், முளையை எல்லைக்கு மேல் உயர்த்தினாற் தாழ் நகரும் என்னும் கருத்து அதுவே. அக்கருத்தினை உலோகத்திற் புதுக்கியவர் அமெரிக்க தேசத்து லைனஸ் யேல் என்பவர். 1848-இல் உரிமை பெற்றார். அவர் குமாரரும் அதே பெயரினர். அவர் 1861-இலும் 1865-இலும் பெற்ற உரிமைகளால் சாவி சிறுத்துத் தட்டையாகி, இன்று நம் மடியில் முடியும் வடிவை அடைந்தது. அதற்கு முன் பெரும்பூட்டின் சாவி கனத்த இரும்புத் தண்டாய் இருந்தது. கதவு எவ்வளவு தடிமனோ சாவியும் அவ்வளவு நீளம் இருக்க வேண்டும். உருளையைத் தனியே பிரித்தமையால், எத்தடிமனான கதவிற்கும் சிறுசாவி போதும் என்றாயிற்று. மகன் யேல் 1868-இல் காலமானார். தம் பூட்டு உலகமெங்கும் செல்வதை அவர் காணவில்லை.

நம் நாட்டிலோ பெருவழக்காய் இருந்தது தகட்டுப் பூட்டு. நமக்கு அண்மையில் திண்டுக்கல் அதற்குப் பேர்பெற்ற ஊர். அவ்வூர்ப் பூட்டிற்கு 2019-ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. மாங்காய்ப் பூட்டென்று நாம் வழங்குவதும் அவ்வூரதே. அதனுள் முளைகள் இல்லை. தட்டையான தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வாசல் வெட்டப்பட்டிருக்கும். சாவி தகடுகளை உயர்த்த, வாசல்களெல்லாம் நேராகும்பொழுது தாழின் முளை அவற்றினூடே நுழைந்து செல்லும். குறைந்தாலும் மிகுந்தாலும் தடை என்னும் விதி இங்கும் உண்டு. கைவினைஞர் ஒவ்வொரு பூட்டிற்கும் ஒவ்வொரு சாவியாக அரத்தால் அராவிச் செய்வது அத்தொழிலின் பெருமை. வடநாட்டு அலிகாரிலிருந்து வரும் மலிவுச் சரக்கின் போட்டியால் அத்தொழில் நலிந்துள்ளது என்பதனையும் நாம் மறைக்க வேண்டுவதில்லை. அத்தையார் வீட்டு வெளிக்கதவிற் தொங்கியது ஒரு மாங்காய்ப் பூட்டு. அதே வெள்ளத்தில் அதே மூன்று நாள் மூழ்கியிருந்தது. குழாய்நீரில் அலசி மண்ணெண்ணெயில் ஊறவைத்ததும் திறந்துகொண்டது. உள்ளறைப் பூட்டோ திறக்கவில்லை. காரணம் யாது?

இங்கேதான் நம் ஆற்று வண்டல் வருகின்றது. உருளைக்கும் கூட்டுக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமயிரின் கனத்தினும் குறைந்தது. ஒரு மில்லிமீட்டரை நூறு கூறாக்கினால் அவற்றுட் சில கூறுகளே. வண்டல் எனப்படும் துகளின் அளவோ ஒரு மில்லிமீட்டரில் 500-இல் ஒரு பங்கு முதல் 16-இல் ஒரு பங்கு வரை. அளவெடுத்துத் தைத்தாற்போல அவ்விடைவெளிக்குள் நுழையத் தக்கது. மணலாயின் வாயிலிலேயே நின்றுவிடும். வண்டல் நீரோடு நீராய் உட்சென்று, முளைத்துளைகளில் தங்கி, நீர் வற்றியதும் களிம்பாய் இறுகும். வயலுக்கு அமிர்தமாகிய அதுவே பூட்டுக்கு நஞ்சாயிற்று. தகட்டுப் பூட்டில் இடைவெளிகள் அகலமானவை. உட்சென்ற சேறு வெளியே வரவும் வழியுண்டு. உருளைப் பூட்டின் முளைத்துளைகளோ மறுபுறம் அடைபட்டவை. சிலவகைக் கதவுப் பூட்டுக்களில் முளைகள் உருளையின் கீழ்ப்புறம் அமைந்திருக்கும். அவற்றில் வில் இருக்கும் அடித்துளையே சேற்றிற்குத் தொட்டியாகிவிடும்.

அத்துணிமேற் பெரியவர் பரப்பிய துண்டுகளை நினைவுகூர்கின்றோம். முதல், மூன்றாம், ஐந்தாம் துளைகளில் முளைகள் அசைந்தன. இரண்டிலும் நான்கிலும் மேல்முளை உருளைக்குள் இறங்கியபடியே ஒட்டிக்கொண்டு நின்றது. வில்லைச் சுற்றிக் கறுத்த பசை. அவர் அதனை விரல்நுனியில் எடுத்து முகர்ந்து, எம்மைப் பார்த்து, “எண்ணெய் விட்டது யாரு?” என்றார். யாம் விடையளிக்கவில்லை. வண்டல் தனியே இருந்திருந்தால் நீரூற்றி அலசக் கரைந்திருக்கும். எண்ணெய் அதனைப் பிணைத்து அரைத்த மாவாக்கிவிட்டது. தேங்காயெண்ணெய் நாளடைவிற் சிக்குப் பிடித்துக் கெட்டியாகும் இயல்பினது. வெள்ளமில்லாத காலத்திலும் தெருத்தூசியைச் சேர்த்துப் பிடித்து முளைகளை ஒட்டவைப்பது அதுவே. தாய்மார்கள் இதனைக் குறித்துக்கொள்வார்களாக: தலைக்கும் தோசைக்கல்லுக்கும் உரிய எண்ணெய் இவ்வகைப் பூட்டுக்கு உரியதன்று. பென்சில் கரியை நுண்ணிய தூளாக்கிச் சாவியின்மேற் தடவி நான்கைந்து முறை நுழைத்தெடுத்தலே போதும். கடைகளிற் கிராபைட் தூள் என்றே கேட்டும் வாங்கலாம்.

வெள்ளத்தில் மூழ்கிய பூட்டிற்கு முதற்சிகிச்சை உலர்த்துவதன்று, அலசுவது. சேறு ஈரமாயிருக்கும்பொழுதே நல்ல நீரைச் சாவித்துளையினுள் வேகமாகப் பீய்ச்ச வேண்டும். மருந்து ஊசிக்குழல் இருப்பின் நன்று. தெளிந்த நீர் வெளிவரும் வரை செய்க. பின்னர் சாவியை நுழைத்து நுழைத்து எடுக்க வேண்டும், திருகலாகாது. முளைகள் அசையும் சிற்றொலி கேட்ட பின்னரே மெல்லத் திருப்ப வேண்டும். பிறகு உலரவிட்டுக் கரித்தூள் இடுக. மலிவுப் பூட்டுக்களில் வில் இரும்பாயிருந்தால் துருப்பற்றி ஒடியும். அதற்கு மருந்தில்லை, மாற்றவே வேண்டும். குறடு கொண்டு சாவியைத் திருகுதல் எந்நிலையிலும் கூடாது. ஐந்து பித்தளை ஆணிகளை ஒருசேர அறுக்கும் வலிமை மெல்லிய சாவிக்கு இல்லை. முதலில் ஒடிவது சாவியே.

நகற்சாவியைப் பற்றியும் ஒரு சொல். பழைய சாவி தேய்ந்தது. அதன் நகலும் அத்தேய்வோடு பிறக்கின்றது. நகலின் நகல் இன்னுஞ் சற்றுக் குறைகின்றது. மயிரிழை கணக்கில் நிற்கும் பிரிகோட்டை அத்தேய்ந்த வெட்டு எட்டாது. பூட்டு வாங்கும்போது வந்த மூலச்சாவி ஒன்றினைப் பயன்படுத்தாமல் எடுத்துவைத்து, நகல் வேண்டும்போதெல்லாம் அதிலிருந்தே எடுப்பது நலம்.

நிற்க. இவற்றையெல்லாம் பொதுமேடையிற் பேசலாமோ, திருடருக்கு வழிகாட்டியதாகாதோ என்று நம் அங்கத்தினர் ஒருவர் சற்றுமுன் எம் காதிற் கேட்டார். நியாயமான கேள்வியே. இக்கேள்வி 1851-ஆம் ஆண்டிலேயே லண்டன் மாநகரில் எழுந்தது. அங்கு நடந்த மகா கண்காட்சிக்கு அமெரிக்காவிலிருந்து வந்த ஆல்பிரட் ஹாப்ஸ் என்னும் பூட்டுத் தொழிலாளர், திறக்கவொண்ணாதது என்று பேர்பெற்ற சப் கம்பெனியின் தகட்டுப் பூட்டினை அரைமணி நேரத்திற்குள் திறந்து காட்டினார். அப்பால் பிராமா கம்பெனியார் தம் கடைவாயிலில் பல்லாண்டுகளாக 200 கினி பந்தயம் கட்டி வைத்திருந்த பூட்டினை, 16 நாட்களிற் கூட்டிக் கணக்கிட்டால் 51 மணி நேரத்தில் திறந்தார். பெரும் விவாதம் எழுந்தது. பூட்டின் குறைகளை வெளியிடலாகாது என்றனர் சிலர். திருடர் தம் தொழிலிற் கைதேர்ந்தவர், அவர்க்குத் தெரியாததை நாம் சொல்லிவிடப் போவதில்லை, அறியாதிருப்பவர் வீட்டுக்காரரே என்றனர் வேறு சிலர். யாம் இரண்டாம் கட்சியைச் சேர்ந்தவர். அவ்விவாதத்தின் பின்னரே பூட்டுச் செய்வோர் விழித்துக்கொண்டு நல்ல பூட்டுக்களைச் செய்தனர். மேல்முளையை நடுவிற் குறுக்கி நூற்கண்டு போல் வடித்து, கள்ளக் கருவி பட்டால் பிரிகோட்டிற் சிக்கிக்கொள்ளுமாறு செய்யும் உபாயமும் இன்று நல்ல பூட்டுக்களில் உண்டு. மறைத்து வைத்த குறைக்குப் பரிகாரம் எவரும் தேடார்.

ஒரு கட்டிடத்தில் ஒவ்வோர் அறைக்கும் தனிச்சாவியும், எல்லாவற்றிற்கும் பொதுவாக ஒரு தலைமைச்சாவியும் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். மேல்முளைக்கும் கீழ்முளைக்கும் இடையே மெல்லிய வில்லை ஒன்றினைச் செருகி, ஒரே துளையில் இரண்டு பிரிகோடுகள் விழச் செய்வதே அதன் சூட்சுமம். வசதி பெருகியது போலவே வழிகளும் பெருகுமாதலின், வீட்டிற்கு அது வேண்டா.

நம் இளைஞர்க்கு இதிலுள்ள ஜீவனோபாயத்தைச் சொல்லாது விடுதல் முறையன்று. ஆதிச்சநல்லூரில் அகழ்ந்தெடுத்த இரும்புக் கருவிகளையும், சிவகளை இரும்பின் தொன்மையைக் குறித்துத் தமிழக அரசு 2025-இல் வெளியிட்ட அறிக்கையையும் நம் கூட்டங்களிற் பெருமையோடு சொல்லிக்கொள்கின்றோம். சொல்லிக்கொள்ளட்டும். ஆனால் வெள்ளம் வடிந்த அவ்வாரத்தில் நெல்லையிற் பூட்டுத் திறப்பாரைத் தேடி அலைந்தோமே, அப்பெருமை அன்று ஒரு கதவையும் திறக்கவில்லை. குடிக்கூலிக்காரர் ஒருவர் வீட்டைக் காலி செய்தால், சொந்தக்காரர் புதுப் பூட்டு வாங்குகின்றார். வேண்டுவது புதுப் பூட்டன்று. உருளையை வெளியே எடுத்து, கீழ்முளைகள் ஐந்தையும் வேறு நீளத்தில் மாற்றி, அவற்றிற்கேற்ப ஒரு சாவி வெட்டினால் பழைய சாவி செல்லாக்காசாகும். அரைமணி வேலை. முளைகளும் வில்களும் பெட்டி பெட்டியாகக் கிடைக்கின்றன. வேண்டியவை ஒரு சாமணம், ஒரு திருப்புளி, நல்ல அரம், பொறுமை. கைரேகைப் பூட்டும் எண்பலகைப் பூட்டும் வந்துவிட்டனவே என்பீர்கள். அவற்றுட் பலவற்றின் முகப்பிற் சிறு மூடியைத் தள்ளிப் பாருங்கள். மின்கலம் ஓய்ந்தால் திறப்பதற்கென்று உள்ளே நம் பழைய உருளையே அமர்ந்திருக்கும்.

உருளையை எடுக்கும் முறையில் ஓர் எச்சரிக்கை உண்டு. சாவியிட்டுச் சற்றே திருப்பி, பின்முனை வளையத்தைக் கழற்றி, உருளையை முன்னோக்கித் தள்ளும்பொழுது, அதன் பின்னாலேயே அதே கனமுள்ள ஒரு கோலையும் இடைவெளியின்றித் தள்ளிச் செல்ல வேண்டும். இல்லையேல் மேல்முளைகளும் வில்களும் காலி இடத்திற் பாய்ந்து வெளியே தெறிக்கும். பெரியவர் இதனைச் சொல்லியும் யாம் வீட்டிற் கோலின்றி முயன்றோம். ஐந்து வில்களும் ஐந்து திக்கிற் பறந்தன. பேரப்பிள்ளைகள் கட்டிலடியிற் படுத்துத் தவழ்ந்து நான்கினைக் கண்டெடுத்தனர். ஐந்தாவதை எம் மனைவியார் மூன்றாம் நாள் அரிசி களையும்பொழுது கண்டெடுத்து, எம்மிடம் ஒன்றும் பேசாமல் மேசைமேல் வைத்துச் சென்றார்.

அத்தையாருக்கு இப்பொழுது உள்ளறைக்குப் புதிய பூட்டு. ஆறு முளைகள் உடையது. டிரங்குப் பெட்டி மச்சிற்கு ஏறிவிட்டது. ஆற்றுமட்டம் உயரும் செய்தி வந்தால், குறுக்குத்துறை முருகப்பெருமானின் உற்சவரையே மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்லும் ஊர் இது. ஒரு பெட்டியை மச்சிலேற்றுவதற்கு நமக்கு 2023-ஆம் ஆண்டு வெள்ளம் வரை தோன்றவில்லை. மூலச்சாவி எம்மிடம் இருக்கின்றது.

இக்கூட்டம் முடிந்ததும் விருப்பமுள்ளோர் இம்மேசையருகே வரலாம். ஏழு பூட்டுக்கள் வைத்துள்ளோம். கோல், சாமணம், வெள்ளைத் துணி யாவும் உள்ளன. பெரியவரும் வந்திருக்கின்றார்; முதல் வரிசையில் அமர்ந்து, யாம் பிழையாகச் சொன்ன இடங்களைக் குறித்துக்கொண்டிருப்பதைக் காண்கின்றோம்; அவற்றை அவரிடமே கேட்டுத் திருத்திக்கொள்க. சேறு படிந்த அந்தப் பூட்டு ஓரத்தில் தனியே இருக்கின்றது. அதன் நான்காம் துளையை இன்னும் சுத்தம் செய்யவில்லை. எண்ணெயும் வண்டலும் சேர்ந்தால் என்னவாகும் என்பதனைக் கண்ணாற் காண்பதற்காக அங்ஙனமே விட்டுவைத்துள்ளோம்.